எட்ட நின்று ஊற்றிய தண்ணீர்

“தொட்டீங்களா?” என்று கேட்டாள் அமிர்தவள்ளி.

கொல்லைக் கதவைப் பாதி திறந்துவைத்து, ஒரு கையில் செம்பும் மறு கையில் உலர்ந்த வேட்டியுமாக அவள் நின்றிருந்தாள். கோதண்டபாணி முதலியார் தினமும் கொல்லை வழியாகத்தான் வீட்டுக்குள் வருவார். தோல் பதனிடும் இடத்தை ஆம்பூரில் தோல்ஷாப் என்பார்கள். அங்கே குமாஸ்தா வேலை பார்ப்பவர், தோலை விரல் நுனியாலும் தொடாதவரானாலும், தலை முழுகிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும் என்பது அந்தத் தெருவின் சட்டம். சர்க்கார் போட்ட சட்டங்களை மீறுகிறவர்கள் அந்தத் தெருவில் உண்டு. இந்தச் சட்டத்தை மட்டும் ஒருவரும் மீறியதில்லை.

இன்று அவர் வேட்டியில் முழங்காலுக்குக் கீழே வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்புத் திட்டுகள் இருந்தன. தோல்ஷாப்பில் பூவம்மாள் என்ற சேரிப் பெண்ணின் கண்ணில் சுண்ணாம்பு தெறித்துவிட்டது, குமாஸ்தா முதலியார்தான் ஓடிப் போய்ப் பார்த்தார் என்ற செய்தி அவருக்கு முன்னாலேயே வீட்டுக்கு வந்துவிட்டது.

“உங்களத்தான் கேக்குறேன். அந்தப் பொம்பளைய தொட்டீங்களா?”

“இல்ல.”

“நெசமாத்தான?”

“தொடல வள்ளி. எட்ட நின்னுதான் தண்ணி ஊத்தினேன்.”

அமிர்தவள்ளிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. “நல்ல காலம். நம்ம பொண்ண பாக்க திமிரியிலேர்ந்து மாப்ள வீட்டுக்காரங்க வர்றோம்னு சொல்லி அனுப்பியிருக்காங்க. இந்த நேரத்துல நம்ம பேரு ஊர் வாயில விழ வேணாம்” என்றாள். செம்பை அவர் பக்கம் நகர்த்திவைத்துவிட்டு உள்ளே போனாள்.

அவள் கெட்டவள் இல்லை. பக்கத்து வீட்டுக் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் இரவெல்லாம் விழித்திருப்பவள். தன் புருஷன் தப்பு ஒன்றும் செய்யாமல் வந்துவிட்டார் என்று அவள் உண்மையாகவே நிம்மதி அடைந்தாள். அந்த நிம்மதிதான் முதலியாரைக் குத்தியது. அவர் பொய் சொல்லவில்லை. ‘தொடல’ என்ற அந்தச் சொல் பொய்யாக இருந்திருக்கக் கூடாதா என்று நினைத்து நினைத்து வெட்கப்பட்டுக்கொண்டு சுண்ணாம்பு படிந்த வேட்டியுடன் நின்றார்.

தண்ணீரை எப்படி ஊற்ற வேண்டும் என்று அவருக்குத் தெரியாதா? தோல்ஷாப்பில் அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் கிடையாது. ஆவணி மாதத்தில் டாக்டர் இருதயராஜ் வேலூரிலிருந்து வந்து சொல்லிக்கொடுத்த பாடம் அது. தொழிற்சாலைகளுக்கு அப்போதுதான் புதுச் சட்டம் வந்திருந்தது. வேலையில் அடிபட்டால், வெந்துபோனால், முதலாளியும் ஆட்களும் உடனே என்ன செய்ய வேண்டும் என்று ஊர் ஊராகப் போய்ப் பழக்குவது டாக்டருடைய உத்தியோகம். முதலாளி இஷ்தியாக் அகமது அவருக்கு மாலை போட்டு, தேநீர் கொடுத்து, காய்ந்த தோல்களை அடுக்கும் கூடத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்தார்.

குமாஸ்தாக்கள் கூடத்துக்குள் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். சுண்ணாம்புத் தொட்டியில் இறங்குகிறவர்களும், தோலில் மயிர் சிரைக்கிறவர்களும், தோல் பதனிடும் பட்டையை இடிக்கிறவர்களும் கூடத்துக்கு வெளியே வெயிலில் நின்றார்கள். தொட்டி எந்தப் பக்கம் இருக்கிறது என்று கேட்டால் பேனாவால் காட்டுகிறவர்களுக்குப் பாடம் உள்ளே நடந்தது. அதில் இடுப்புவரை இறங்குகிறவர்களுக்குப் பாதி காதில் விழுந்தது, பாதி காற்றோடு போயிற்று.

“சுண்ணாம்பு கண்ணுல பட்டா, மொதல்ல அவங்க கைய புடிச்சுக்கணும். கண்ண தேய்க்க விடக்கூடாது. கையிலயும் சுண்ணாம்புதான இருக்கும்?” என்றார் டாக்டர். “தலைய சாய்ச்சு, தாடைய தாங்கிப் புடிச்சு, எமைய ரெண்டு வெரலால விரிச்சு, நல்ல தண்ணிய நேரா கண்ணுக்குள்ள ஊத்தணும். நிறுத்தாம ஊத்தணும். எங்க, யாராவது வந்து உக்காருங்க. செஞ்சு காட்டுறேன்.”

வெளியே முன்வரிசையில் நின்ற பூவம்மாளை அவர் கை காட்டினார். பூவம்மாள் நாற்பது வயதுக்காரி. கல்சுண்ணாம்பைத் தண்ணீர் விட்டு நீற்றுவது அவள் வேலை. கொதிக்கும் சுண்ணாம்பைக் கழியால் கிளறிக்கொண்டே பக்கத்துத் தொட்டிக்காரர்களைக் கேலி பேசிச் சிரிக்கவைப்பாள். டாக்டர் கூப்பிட்டதும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பெருமையும் கூச்சமுமாக ஒரு எட்டு வைத்தாள்.

உள்ளே பெஞ்சுகள் கிறீச்சிட்டன. சீனிவாசன் என்ற குமாஸ்தா தொண்டையைக் கனைத்தான். முதலாளி டாக்டரின் காதருகே குனிந்தார்.

“டாக்டர் சாப், எனக்கு தொட்டா இன்னா, தொடாட்டி இன்னா. ஆனா நம்ம குமாஸ்தாங்க பேஜார் பண்ணுவாங்க. அவங்களே ஒருத்தருக்கு ஒருத்தர் செஞ்சு பழகட்டும். பாடம் ஒண்ணுதான?”

டாக்டர் கூடத்துச் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார். வேலூர் ரயிலைப் பிடிக்க வேண்டும். “சரி, யாராவது உக்காருங்க” என்றார். பூவம்மாள் எடுத்துவைத்த காலைப் பின்னால் வைத்துக்கொண்டாள்.

சீனிவாசன் நாற்காலியில் உட்கார்ந்தான். கோதண்டபாணி முதலியார் அவன் தாடையைத் தாங்கி, இமையை விரித்து, செம்பிலிருந்து மெல்லிசாகத் தண்ணீர் விட்டார். தாய் பிள்ளைக்குக் கண்ணில் மருந்து விடுவதுபோல அத்தனை பக்குவம். டாக்டரே அசந்துபோனார். “இனிமே இந்தத் தோல்ஷாப்புக்கு இவருதான் பொறுப்பு. எது நடந்தாலும் இவர கூப்பிடுங்க” என்றார். முதலியார் அன்று வீட்டுக்குப் போய் மகளிடம்கூடச் சொல்லிப் பெருமைப்பட்டார்.

அந்தப் பக்குவமான கை ஒரு கண்ணைத்தான் பழகியிருந்தது. தன்னைப்போன்ற ஒருவனின் கண்ணை.

ஐப்பசியில், அமிர்தவள்ளி செம்போடு காத்து நின்ற அந்த நாளில், அது நடந்தது. நீற்றிக்கொண்டிருந்த சுண்ணாம்பில் நீறாத கட்டி ஒன்று இருந்து, வெடித்து மேலே தெறித்தது. பூவம்மாளின் அலறல் கணக்கு அறைவரை கேட்டது. முதலியார் பேனாவைப் போட்டுவிட்டு ஓடினார். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவர் போவதற்குள் அவள் இடது கண்ணை முழங்கையால் மூடிக்கொண்டு, தட்டுத் தடுமாறிக் கிணற்றடிக்கு வந்துவிட்டாள். வந்தவள், கிணற்றைச் சுற்றிப் பதித்த கல்லுக்கு வெளியே நின்றுவிட்டாள்.

தொட்டிகளுக்கு வரும் வாய்க்கால் தண்ணீர் ரத்தமும் மயிருமாக நாறும். அந்தத் தோல்ஷாப் மதிலுக்குள் நல்ல தண்ணீர் என்றால் இந்த ஒரு கிணறுதான். அதன் கயிற்றைச் சேரி ஆட்கள் தொடக்கூடாது. தாகம் எடுத்தால் கல்லுக்கு வெளியே குனிந்து நின்று இரண்டு கையையும் குவித்து நீட்ட வேண்டும். கயிற்றைத் தொடலாம் என்கிற சாதிக்காரர் யாராவது எட்ட நின்று மேலிருந்து ஊற்றுவார். கண் வெந்துகொண்டிருந்தபோதும் அவள் கால் அந்தக் கல்லிடம் தானாக நின்றது. சின்ன வயதிலிருந்து பழகிய கால்.

“சாமி! தண்ணி! கண்ணு எரியுது சாமி!”

முதலியார் வாளியை இறக்கி இழுத்தார். செம்பில் மொண்டார். அவள் பக்கம் திரும்பினார். தாடையைத் தாங்க வேண்டும், கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும், இமையை விரிக்க வேண்டும். டாக்டர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் அவருக்கு ஞாபகம் இருந்தது. சுற்றி ஆட்கள் கூடிவிட்டார்கள். சீனிவாசனும் வந்து நின்றான். முதலியாரின் கை நீண்டது, பாதியில் நின்றது. வெட்கத்தை விட்டுச் சொன்னால், அந்தக் கணத்தில் அவர் நினைத்தது பூவம்மாளின் கண்ணை அல்ல. திமிரியிலிருந்து வரப்போகிறவர்களை.

“கைய நீட்டு” என்றார்.

அவள் நீட்டினாள். எட்ட நின்று, மேலிருந்து, வழக்கப்படி ஊற்றினார். தண்ணீர் அவள் குவித்த கையில் விழுந்தது. கையெல்லாம் ஈரச் சுண்ணாம்பு. விழுந்த தண்ணீர் பாலாக மாறுவதை அவர் கண்ணால் பார்த்தார். அந்தப் பாலை அவள் வாரி வாரிக் கண்ணில் அடித்துக்கொண்டாள்.

“இன்னும் ஊத்துங்க சாமி. ஜாஸ்தியா எரியுது!”

அவர் இன்னும் ஊற்றினார். அவள் இன்னும் அடித்துக்கொண்டாள். கூட வேலை செய்யும் முனியம்மா, அப்போதுதான் ஓடி வந்த சின்னப் பெண், பூவம்மாளின் கையைத் தட்டிவிட்டுத் தன் முந்தானையை அவர் ஊற்றிய தண்ணீரில் நனைத்து அவள் முகத்தைத் துடைத்தாள். அதற்குள் கண் வெந்து வெளுத்துவிட்டது.

வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே இருந்தவர்கள் தங்களால் ஆனதையெல்லாம் செய்தார்கள். இடது கண் போனது போனதுதான்.

ஆஸ்பத்திரியிலிருந்து செய்தி வந்த அன்று அமிர்தவள்ளி அம்மியில் அரைத்துக்கொண்டிருந்தாள். “அந்தப் பொம்பளைக்கி கண்ணு எப்டி இருக்குது?” என்று கேட்டாள்.

“போச்சு.”

அவள் கை நின்றது. “நீங்கதான் தண்ணி ஊத்தினீங்களே?”

“ஊத்தினேன்.”

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் என்ன சொல்லாமல் விடுகிறார் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. ‘தொட்டீங்களா’ என்று தான் கேட்டதும் அவளுக்கு நினைவு வந்திருக்க வேண்டும். குழவியை மறுபடி உருட்ட ஆரம்பித்தாள். அன்று சாப்பாட்டில் உப்பில்லை. இரண்டு பேரும் அதைக் கவனிக்கவில்லை.

கார்த்திகையில் பூவம்மாள் கண்ணில் துணி கட்டிக்கொண்டு வேலைக்குத் திரும்பி வந்தாள். புருஷன் இல்லாதவள், வேலையை விட்டால் அவளுக்கு வேறு நாதி கிடையாது. அவள் இப்போது யாரையும் கேலி பேசுவதில்லை. அதே வாரத்தில் டாக்டர் மறுபடி வருகிறார் என்று தகவல் வந்தது. முதலாளி முதலியாரைத் தனியே அழைத்தார்.

“முதலியாரே, சொல்லிக் குடுத்தும் கண்ணு எப்டி போச்சுன்னு டாக்டர் கேப்பாரு. அவளே கைய வெச்சு தேச்சுக்கிட்டான்னு சொல்லிடுங்க. பொய் ஒண்ணும் இல்லியே? சொன்ன பேச்ச கேக்காத ஆளு, அதுவும் ஒத்தக் கண்ணு. இவள சுண்ணாம்புக்கிட்ட வெச்சுக்கிறது நமக்கு ஆபத்து. நிறுத்திட்டேன்னு சொன்னா டாக்டரும் நல்லதுன்னுவாரு.”

இஷ்தியாக் அகமது கொடுமைக்காரர் அல்ல. ரம்ஜானுக்குத் தொழிலாளர் வீட்டுக்கெல்லாம் அரிசி அனுப்புகிறவர். தன் தோல்ஷாப்பில் தொல்லை வரக்கூடாது, அவ்வளவுதான் அவருக்கு. தொல்லை வராமல் இருக்க ஏழையின் வாயில் மண்ணைப் போடுவது எத்தனை நல்லவர்களுக்குச் சுலபமாக வருகிறது! “சரிங்க முதலாளி” என்று முதலியாரின் வாய் சொன்னது.

டாக்டர் வந்தார். அதே கூடம், அதே பெஞ்சு, வெளியே அதே வெயில். முதலாளி பேசி முடித்தார். “அவளே தேச்சுக்கிட்டா டாக்டர் சாப். இவரு பக்கத்துலயே இருந்தாரு, கேளுங்க” என்றார்.

எல்லாரும் முதலியாரைப் பார்த்தார்கள். வெளியே பூவம்மாள் தலையைச் சற்று இடது பக்கம் திருப்பி நின்றாள். அவளும் அவரைத்தான் பார்த்தாள். சாட்சிக்கு நின்றவள் போலவும் இல்லை, கெஞ்சுகிறவள் போலவும் இல்லை. தனக்கு எதிராகத்தான் சொல்வார் என்று முன்கூட்டியே தெரிந்துகொண்டு, அதைக் கேட்டுவிட்டுப் போக வந்தவள்போல நின்றாள்.

அந்த முகத்தைப் பார்த்ததும் முதலியார் எழுந்து நின்றார்.

“கைய நீட்டச் சொன்னது நான்தான் டாக்டரையா. அவ கையில சுண்ணாம்பு இருக்குதுன்னு தெரியும். தெரிஞ்சே ஊத்தினேன். நீங்க சொன்ன மாதிரி தலைய புடிச்சிருந்தா கண்ணு பொழச்சிருக்கும். நான் தொடல.”

முதலியார் தண்டனைக்குக் காத்து நின்றார். யாராவது சீ என்று சொல்லியிருந்தால் அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

சீனிவாசன்தான் முதலில் பேசினான். “இதுல இன்னா தப்பு? எல்லாரும் எப்டி ஊத்துவமோ அப்டித்தான ஊத்தினாரு?” பெஞ்சில் இருந்தவர்கள் தலையை ஆட்டினார்கள். அவர்கள் முகத்தில் கோபம்கூட இல்லை. ஒரு பெண்ணின் கண்ணைத் தீய்த்ததாக ஒருவர் ஒப்புக்கொள்கிறார்; அவர் ஏதோ இல்லாத குற்றத்தை இழுத்துப் போட்டுக்கொள்கிறார் என்று அவர்கள் அனுதாபப்பட்டார்கள்!

டாக்டர் தலையைக் குனிந்துகொண்டார். “தப்பு என்னுதும்தான். அன்னிக்கி ரயிலுக்கு நேரமாச்சுன்னு ஒத்துக்கிட்டேன்” என்றார். பிறகு முதலாளி பக்கம் திரும்பினார். “இந்தம்மாவ நிறுத்துறதா இருந்தா, கண்ணு போன காரணத்த நான் மேல சொல்ல வேண்டியிருக்கும். வேற வேலை குடுங்க. இப்ப பாடத்த மறுபடி நடத்தணும். இந்தத் தடவ நெசமான ஆளுங்கள வெச்சு.”

முதலியாருக்கு மனதில் ஒரு வேகம் வந்தது. எல்லார் முன்னாலும் அவள் தாடையைத் தொட்டுவிட்டால் நெஞ்சிலிருக்கும் பாரம் இறங்கிவிடும் என்று தோன்றியது. நாற்காலியை அவரே முன்னால் இழுத்துப் போட்டார்.

“பூவம்மா, வந்து உக்காரும்மா. நான் செய்றேன்.”

‘உக்காரும்மா’ என்று அவர் சொன்னதைக் கேட்டு வெளியே சிலர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பூவம்மாள் நகரவில்லை.

“வேணாம் சாமி. மிச்சம் கீறது ஒரு கண்ணு. அத உங்க கையில குடுக்க எனக்கு பயமா கீது.”

அவள் உரக்கக்கூடச் சொல்லவில்லை. முதலியாரின் கை நாற்காலியின் முதுகிலேயே இருந்தது.

“சுண்ணாம்புகிட்ட நிக்கிறது நாங்க” என்று பூவம்மாள் டாக்டரைப் பார்த்துச் சொன்னாள். “கண்ணு எரியும்போது கணக்கு ரூமுக்கு ஆள் அனுப்பிட்டு நிக்க முடியுமா? எங்களுக்கே சொல்லிக் குடுங்க. கெணத்துல நாங்களே மொண்டுக்கிறோம். அவரு வேணா உக்காரட்டும், இவ பழகுவா.” பக்கத்தில் நின்ற முனியம்மாவின் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினாள்.

டாக்டர் முதலாளியைப் பார்த்தார். முதலாளி குமாஸ்தாக்களைப் பார்த்தார். குமாஸ்தாக்கள் முதலியாரைப் பார்த்தார்கள். அவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

முனியம்மா கிணற்றடிக்குப் போனாள். கல்லின் முன்னால் ஒரு நொடி நின்றாள். பிறகு தாண்டினாள். கயிறு உருளையில் ஓடும் சத்தம் கூடத்துக்குள் கேட்டபோது சீனிவாசன் எழுந்து வெளியே போனான். அவன் பின்னால் மற்ற குமாஸ்தாக்களும் போனார்கள். தண்ணீரோடு வந்த முனியம்மா முதலியாரின் தாடையைப் பிடித்தாள். டாக்டர் சொல்லச் சொல்ல இமையை விரித்து ஊற்றினாள். முகத்தில் வழிந்த தண்ணீரை முதலியார் துடைத்துக்கொள்ளவில்லை. அதில் எது கிணற்றுத் தண்ணீர், எது கண்ணீர் என்று யாரும் கேட்கவில்லை.

சாயங்காலமே குமாஸ்தாக்கள் முதலாளியிடம் போனார்கள். கிணறு தீட்டாகிவிட்டது, அடிவரை இறைத்துக் கொட்டித் தூர் வாரினால்தான் குடிக்க முடியும் என்றார்கள்.

“இறைங்க” என்றார் முதலாளி.

அவர்கள் விழித்தார்கள். அந்தக் கிணற்றை வருஷா வருஷம் கோடையில் இறைத்துத் தூர் வாருவது யார்? சேரி ஆட்கள்தான். உள்ளே இறங்கி, ஊற்றுக்கண்ணில் கால் வைத்து, சேற்றைக் கூடை கூடையாக வாரிப் போட்டுவிட்டு மேலே வருவார்கள். அப்போதெல்லாம் கிணறு சுத்தமாகும். கயிற்றைத் தொட்டால்தான் தீட்டாகும். இந்த நியாயத்தை எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தார்களோ தெரியவில்லை.

வேறு வழியில்லாமல் சீனிவாசன் தொட்டிப் பக்கம் வந்து, கிணறு இறைக்க ஆள் வேண்டும் என்று பொதுவாக, யார் முகத்தையும் பார்க்காமல் சொன்னான்.

“எதுக்கு சாமி இறைக்கணும்?” என்றாள் முனியம்மா. “தண்ணி நல்லாத்தான் கீது. நாங்க குடிச்சுப் பாத்துட்டோம்.”

ஒருவரும் இறங்கவில்லை. மறுநாளிலிருந்து குமாஸ்தாக்கள் வீட்டிலிருந்து கூஜாவில் தண்ணீர் கொண்டுவந்தார்கள்.

திமிரிக்காரர்கள் வரவில்லை. அமிர்தவள்ளி அழுதாள், ஆனால் புருஷனை ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஊரில் முதலியாரைச் சிலர் ஒதுக்கினார்கள், சிலர் பெரிய மனசு என்றார்கள். பெரிய மனசு என்ற பேச்சைக் கேட்கும்போது அவருக்கு ஓடி ஒளிந்துகொள்ளலாம்போல இருக்கும். ஒரு நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தால் போன கண் வந்துவிடுமா?

பூவம்மாளுக்குச் சிரைத்த மயிரை அலசிக் காயவைக்கும் வேலை கொடுத்தார்கள். கணக்கு அறைக்குப் போகும் வழியில்தான் அவள் உட்காருவாள். முதலியார் அவளைக் கடக்கும்போது, நேர்வழியை விட்டுச் சுற்றிக்கொண்டு, அவளுடைய இடது பக்கமாகவே போவார். ஏன் அப்படிப் போகிறார் என்று அவர் தனக்குத்தானேகூடச் சொல்லிக்கொண்டதில்லை.

ஒரு நாள் காலையில், ஈர மயிரை உதறிப் போட்டுக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் அவள் சொன்னாள்:

“இந்தப் பக்கமா போனா எனக்குத் தெரியாதுன்னு நெனப்பா? கண்ணுதான் போச்சு முதலியாரே. காது கேக்குது.”